ஆளோலையும் வக்காலத்தும்

1

பௌர்ணமி ராத்திரியில் எங்கள் ஊர் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறவன் பசியோடு வீடு திரும்ப முடியாது. வழிநெடுகத் தொன்னையில் சாம்பார் சாதம், புளியோதரை, சுண்டல். சோற்றுக் குண்டானைவிட அதற்குப் பின்னால் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸ் பெரிசாக இருக்கும். உபயதாரர், அவர் சம்சாரம், பிள்ளைகள், கடை விலாசம், செல்போன் நம்பர். சாப்பிடுகிறவன் பெயரை யாரும் கேட்பதில்லை. கொடுத்தவன் பெயரைப் படிக்காமல் யாரும் சாப்பிடவும் முடிவதில்லை. கொடுத்தல் என்கிற செயலுக்குள் வசூல் ஒன்றும் கூடவே நடந்துவிடுகிறது. பணமாக வசூலானால் அது வியாபாரம், நன்றியாக வசூலானால் அது தர்மம் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

சட்டப் புத்தகத்தில் இருக்கிற 'இலவச சட்ட உதவி' எந்தக் கணக்கில் வரும் என்று யோசிக்க வைத்தவர் ஒரு கிழவி. வட மாவட்டக் கோர்ட் ஒன்றின் வாசலில், டீக்கடை பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பேரனை ஏதோ திருட்டுக் கேஸில் பிடித்துக்கொண்டு போய் இரண்டு மாதமாகி விட்டதாம். வக்கீல் யார் என்று கேட்டேன். "ஃப்ரீ வக்கீலுதான் தம்பி. கவுருமெண்டே குடுத்தது. இதுவரிக்கும் ஆறாயிரம் குட்துகிறேன்" என்றார். ஃப்ரீ என்கிறீர்களே, அப்புறம் எதற்கு ஆறாயிரம் என்று கேட்டதற்கு, "ஃப்ரீன்னா சும்மாவா வருவாங்க? டைப்பு, ஜெராக்ஸு, குமாஸ்தா படி, ஜாமீனுக்கு ஆளு. ஃப்ரீயா எதுனா நடக்குமா இந்த ஒலகத்துல?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். காதில் தோடு இல்லை, ஓட்டையில் துடைப்பக்குச்சி. ரசீது ஏதாவது கொடுத்தார்களா என்று நான் கேட்டது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார்.

இந்தக் கிழவிக்கு நடந்ததை 'ஊழல்' என்ற வார்த்தையில் போட்டு மூடிவிடலாம். விதிமுறைப்படி சட்ட உதவி பெறுகிறவரிடம் பேனல் வக்கீல் ஒரு பைசா கேட்கக் கூடாது. கேட்டால் நடவடிக்கை உண்டு. ஆனால் ஊழல் என்று சொன்னதும் நமக்கு யோசிக்கிற வேலை முடிந்துவிடுகிறது. கெட்ட வக்கீல் ஒருத்தர், நல்ல சட்டம் ஒன்று. ஆறாயிரத்தைச் சட்டமே, ரசீதோடு, பகிரங்கமாக வசூலித்தால் அதை என்னவென்று சொல்வோம்? அப்படி வசூலிக்கிற தேசங்கள் இருக்கின்றன. ஏழைக்குச் சட்ட உதவி தந்ததற்காக உலகமே மெச்சுகிற தேசம் ஒன்றும் அதில் சேர்த்தி.

2

1961இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். கையில் காசில்லை. எனக்கு ஒரு வக்கீல் வையுங்கள் என்று நீதிபதியிடம் கேட்டார். மரண தண்டனைக்குரிய வழக்கானால்தான் வைக்க முடியும் என்றார் நீதிபதி. தனக்குத் தானே வாதாடி, ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, சிறைக்குள்ளிருந்து பென்சிலில் மனு எழுதி உச்சநீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஏழை என்பதற்காக ஒருவன் வக்கீல் இல்லாமல் விசாரிக்கப்படக் கூடாது, அரசு வைத்துக் கொடுக்க வேண்டும் என்று 1963 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. மறுபடி நடந்த விசாரணையில் வக்கீல் இருந்தார், கிடியன் விடுதலையானார். வக்கீல் இல்லாமல் குற்றவாளி, வக்கீலோடு நிரபராதி. ஆள் அதே ஆள்தான், நடந்த சம்பவமும் அதேதான்.

சட்டக் கல்லூரிகளில் கதை இத்தோடு முடிந்துவிடும். மிச்சத்தை நாம் படிக்க வேண்டியிருக்கிறது. அதே ஃப்ளோரிடாவில் அரசு வக்கீல் கேட்டு மனுப் போடுவதற்கே 50 டாலர் கட்டணம். தண்டனை ஆகிவிட்டால் வக்கீல் செலவு என்று சிறு குற்றத்துக்குக் குறைந்தது 50, பெருங்குற்றத்துக்குக் குறைந்தது 100 டாலர் மேலே விழும். ஃப்ளோரிடா மட்டுமில்லை. ஏதோ ஒரு வகையில் வக்கீல் செலவைத் திருப்பி வசூலிக்கிற சட்டம் அங்கே பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. 2018இல் ஃப்ளோரிடா மக்கள் ஓட்டுப் போட்டு, தண்டனை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு வாக்குரிமையைத் திரும்பக் கொடுத்தார்கள். அடுத்த வருஷமே சட்டமன்றம், தண்டனையோடு விதித்த அபராதமும் கட்டணங்களும் கட்டி முடித்தால்தான் தண்டனை 'முடிந்ததாக' அர்த்தம் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. சிறையிலிருந்து உடம்பு வெளியே வந்துவிட்டது, குடிமகன் உள்ளேயே இருக்கிறான், பாக்கிக்காக.

அங்கே உச்சநீதிமன்றம் இதை எப்படிப் பார்த்தது? 1972இல் கான்சாஸ் மாநிலத்தின் வசூல் சட்டத்தை ரத்து செய்தது. அதற்குச் சொன்ன காரணம், மற்ற கடன்காரனுக்குக் கிடைக்கிற பாதுகாப்புகள் இந்தக் கடன்காரனுக்கு இல்லை என்பது. கடன்காரன் ஆக்கியதே தவறு என்று அது சொல்லவில்லை. 1974இல் ஓரிகன் மாநிலத்தின் சட்டம் வந்தபோது அதைச் செல்லும் என்றது. கட்ட முடிந்தவனிடம் மட்டும், கஷ்டமில்லாமல் கட்டக் கூடிய அளவுக்கு, அதுவும் தண்டனை பெற்றவனிடம் மட்டும் வாங்கினால் உரிமை பாதிக்கப்படாது என்பது பெரும்பான்மையின் வாதம். நீதிபதி மார்ஷல் மாறுபட்டார், பிரென்னன் அவரோடு சேர்ந்துகொண்டார். வேறு எந்தக் கடனைக் கட்டாவிட்டாலும் ஜெயில் இல்லை, தன்னைக் காத்துக்கொள்ள வக்கீல் வைத்த கடனுக்கு மட்டும் ஜெயில் என்றால் சமத்துவம் எங்கே என்பது மார்ஷல் எழுப்பிய கேள்வி.

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் ஏகாதிபத்திய எதிர்ப்பு சுலபமாக முடிந்துவிடும். ஜெர்மனியிலும் நீதிமன்றம் நியமித்த வக்கீலின் செலவு, தண்டனை உறுதியானால், தண்டனை பெற்றவன் தலையில்தான். அது நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1992இல் சொல்லிவிட்டது.

3

கடனுக்கும் குற்றத்துக்கும் ஜெர்மன் மொழியில் ஒரே சொல்: ஷூல்ட். இதைப் பிடித்துக்கொண்டுதான் நீட்ஷே 1887இல் அறத்தின் வம்சாவளியை எழுதினார். குற்ற உணர்வு என்பது ஆத்மாவில் முளைத்ததல்ல, கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலிருந்த உறவிலிருந்து வந்தது என்பது அவர் வாதம். கட்ட முடியாதவன் உடம்பால் கட்டுகிறான், வலியால் கட்டுகிறான். ஃப்ளோரிடாவின் ரசீதுப் புத்தகத்தில் அந்தப் பழைய அர்த்தம் மறுபடி உயிர் பெறுகிறது. குற்றவாளி என்று தீர்ப்பான அதே கணத்தில் கடனாளி என்றும் தீர்ப்பாகிறது.

தமிழில் வேறு மாதிரி. நமக்குக் கடன் என்றால் வாங்கிய பாக்கி, கடன் என்றால் செய்ய வேண்டிய கடமையும்கூட. பிதுர்க்கடன், செய்ந்நன்றிக் கடன், அரசன் கடன். சங்கப் பாட்டில் யார் யாருக்கு என்ன கடன் என்று பட்டியல் போடுகிற இடத்தில் வருவது கடமைதான். ஆகவே 'ஏழைக்கு வக்கீல் வைப்பது அரசின் கடன்' என்ற வாக்கியத்தைத் தமிழில் எழுதினால் அது அரசின் கடமையைச் சொல்கிறது. அந்தக் கடன் எந்த இடத்தில், எந்தக் கையெழுத்தில், ஏழையின் பாக்கியாகத் தலைகீழாகிறது? கேள்வி இதுதான்.

இந்தத் தலைகீழாக்கம் நடக்கிற விதத்தைக் காட்டுகிற பிரதி ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம், திருவெண்ணெய்நல்லூர். சுந்தரர் கல்யாணப் பந்தலில் மணையில் உட்காரப் போகிற நேரத்தில் ஒரு கிழவர் வந்து, இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். பித்தனா நீ என்று ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார் சுந்தரர். வழக்கு சபைக்குப் போகிறது. கிழித்தது படியோலைதான், மூல ஓலை இதோ என்று எடுக்கிறார் கிழவர். பாட்டன் கையெழுத்தை வேறு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப் போகிறது. நீ தோற்றாய், இவருக்கு அடிமை செய் என்று தீர்ப்பு. அந்தச் சபையில் சுந்தரருக்காகப் பேச ஆளில்லை. கடன் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே எழுதப்பட்டது. பிற்பாடு கிழவர் சிவன் என்று தெரிந்து பக்தி பெருகுகிறது. கடனைப் பாட்டாகக் கட்டு என்கிறான் இறைவன், தேவாரம் கிடைக்கிறது.

சேக்கிழார் இதைத் தடுத்தாட்கொள்ளுதல் என்கிறார். அல்தூஸர் சொல்கிற 'விளித்தல்' இதுவேதான். போலீஸ்காரன் ஏய் என்று கூப்பிட, திரும்பிப் பார்க்கிற கணத்தில் ஒருவன் சட்டத்தின் தன்னிலையாகிறான். பக்திக் கதையாடலில் அடிமை ஓலை அருளாக மாறிவிடுவதால் நாம் ஓலையைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. அரசு சட்ட உதவியும் இதே வடிவத்தில்தான் ஏழையிடம் வருகிறது. உன்னைப் பிடித்தவனும் நான், உனக்காகப் பேச ஆள் வைப்பவனும் நான், அதற்கு நீ எனக்குப் பாக்கி.

இங்கே ஒரு எளிய விஷயம் மறைந்துபோகிறது. கிரிமினல் வழக்கைக் கேட்டு வாங்கியவன் குற்றம் சாட்டப்பட்டவன் இல்லை. வழக்குப் போட்டது அரசு. அரசுத் தரப்பு வக்கீலுக்குச் சம்பளம், போலீசுக்குச் சம்பளம், நீதிபதிக்குச் சம்பளம், கட்டடம், கரண்ட் எல்லாம் வரிப்பணத்தில். பீடியும் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கும்போது குற்றம் சாட்டப்பட்டவனும் வரி கட்டியிருக்கிறான். தன்னைக் குற்றவாளியாக்குகிற வக்கீலுக்கு ஏற்கெனவே படியளந்தவனிடம், தன்னைக் காப்பாற்ற வந்த வக்கீலின் செலவை மட்டும் தனியே பில் போட்டு நீட்டினால், அந்தத் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது?

தண்டனை பெற்றவன் மட்டும்தானே கட்டுகிறான், நிரபராதிக்கு என்ன நஷ்டம் என்பார்கள். வக்கீல் வேண்டுமா என்று கேட்கிற நேரத்தில் எவனுக்கும் தீர்ப்பு தெரியாது. தோற்றால் பாக்கி விழும் என்று தெரிந்த கூலிக்காரன், வேண்டாம் சாமி என்று சொல்லிவிடலாம். வாய்தா கூடக்கூடச் செலவு கூடும் என்றால் செய்யாததையும் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு போகலாம். அப்படிச் சொன்னவனை, உரிமையைத் தானே விட்டுக்கொடுத்தான் என்று பதிவேட்டில் எழுதுவார்கள். வசூலாகிற தொகையில் இந்தச் சட்டத்தின் பலம் இல்லை. இப்படி வேண்டாம் என்று சொல்ல வைப்பதில் இருக்கிறது.

வசதியுள்ளவன் ஏழை வேஷம் போட்டால் என்ன செய்வது என்ற கேள்வியையும் தள்ளிவிட முடியாது. அதை ஆரம்பத்திலேயே விசாரிக்கலாம், பொய் சொன்னவனைத் தனியே பிடிக்கலாம். ஒரு சிலரைப் பிடிக்க அத்தனை ஏழைகள் தலையிலும் பாக்கியை எழுதி வைத்துவிட்டு, கட்ட முடியாது என்பதை நீயே நிரூபித்து வா என்று அலைய விடுவது வேறு காரியம்.

4

நம் சட்டம் இந்த விஷயத்தில் கௌரவமானது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். எடுத்த எடுப்பிலேயே அப்படி இருந்துவிடவில்லை. 1951இல், தெலங்கானா விவசாயிகள் போராட்டத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள் எங்களுக்கு வக்கீலே இருக்கவில்லை என்று உச்சநீதிமன்றம் போனபோது, வக்கீல் இல்லை என்பதாலேயே விசாரணை செல்லாமல் போகாது என்ற பதில்தான் கிடைத்தது. விருப்பமான வக்கீலைக் கலந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு உரிமை தந்தது, காசு யார் தருவது என்பதைச் சொல்லவில்லை. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 304ஆம் பிரிவில், செஷன்ஸ் வழக்கில் வசதியற்றவனுக்கு 'அரசின் செலவில்' வக்கீல் என்று எழுதியது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது 341ஆம் பிரிவு. 1976இல் 39ஏ வந்தது.

1978இல் ஹோஸ்கோட் வழக்கு. போலிச் சான்றிதழ் வழக்கில் தண்டனை பெற்ற ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், உயர்நீதிமன்றத் தீர்ப்பின் நகல் தன் கைக்கு வந்து சேரவே இல்லை என்று வருஷக்கணக்கில் தாமதமாக மேல்முறையீட்டுக்கு வந்தார். அவர் மனு தள்ளுபடியானது. ஆனால் அந்தத் தள்ளுபடிக்குள்தான் கிருஷ்ணய்யர், கைதிக்குத் தீர்ப்பு நகலும் வக்கீலும் இலவசமாகத் தர வேண்டும், வக்கீலுக்கான தொகையை வழக்குப் போட்ட அரசே கொடுக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். இங்கேயும் ஒரு படியோலைத் தகராறுதான், முடிவு மட்டும் திருவெண்ணெய்நல்லூருக்கு எதிர்த்திசை. 1980இல் பாகல்பூரில் கண் குருடாக்கப்பட்ட கைதிகளின் வழக்கில், எங்களிடம் நிதி இல்லை என்று அரசு சொல்லித் தப்ப முடியாது என்றார் பகவதி. 1986இல் சுக்தாஸ் வழக்கு இன்னும் ஒருபடி மேலே போனது. வக்கீல் கேட்டு மனுப் போடவில்லை என்பதற்காக உரிமை போய்விடாது, அப்படி ஒரு உரிமை இருக்கிறது என்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? தண்டனை ரத்தானது. 1987இல் இயற்றி 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் காவலில் இருக்கிற எவருக்கும், வருமான வரம்பு பார்க்காமல், உதவி உண்டு. 2022 முதல், அரசுத் தரப்பு வக்கீல் மாதிரியே எதிர்த்தரப்புக்கும் முழுநேர வக்கீல்களை மாவட்டங்களில் நியமிக்கிற திட்டமும் வந்திருக்கிறது.

ஆக மூல ஓலையில் பாக்கி என்ற வார்த்தையே இல்லை. ஆனால் அதே சட்ட அலமாரியின் அடுத்த தட்டில் சிவில் நடைமுறைச் சட்டம் இருக்கிறது. அதன் 33ஆம் ஆணை, நம் ஊரில் இன்றைக்கும் பாப்பர் சூட் என்று சொல்கிறது. 'பாப்பர்' என்ற சொல்லை 1976இல் எடுத்துவிட்டார்கள், வசூலை எடுக்கவில்லை. கோர்ட் கட்டணம் கட்ட வசதியில்லாதவர் கட்டாமல் வழக்குப் போடலாம். ஜெயித்தால் கிடைத்த சொத்தின் மீது முதல் பாத்தியதை அரசின் கட்டணத்துக்கு. தோற்றால் தோற்றவரே கட்ட வேண்டும். கலெக்டர் அதை நிலவரிப் பாக்கி மாதிரி வசூல் செய்யலாம். சொத்தில் பங்கு கேட்டுத் தோற்றுப்போன ஒரு விதவையிடம் அரசாங்கம் ஜப்திக்கு வரச் சட்டத்தில் இடமிருக்கிறது. கிரிமினல் பக்கம் இந்தக் கதவு திறக்கவில்லை என்பதே நிம்மதி. இலவசம் மக்களைக் கெடுக்கிறது என்ற சொல்லாடல் டில்லியிலிருந்து டீக்கடை வரை ஓங்கியிருக்கிற காலத்தில், அந்தக் கதவில் யாராவது கை வைக்கலாம் என்ற பயம் எனக்கு உண்டு.

கதவைத் திறக்காமலே வசூல் நடக்கிற வழி இன்னொன்று, ஜாமீன். இதை எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. செம்மரம் வெட்டப் போன ஜவ்வாது மலைக்காரர்களின் கதை வீட்டுக்கு வீடு தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். செத்தவர்களைப் பற்றிப் பேசினோம், எழுதினோம். சாகாமல் பிடிபட்டவர்களைப் பற்றிப் பேசியது குறைவு. 2013 டிசம்பரில் அதே காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் சேர்க்கப்பட்டிருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்நாட்டுத் தொழிலாளர்களை 2016இல் திருப்பதி நீதிமன்றம் விடுதலை செய்தது. அதுவரை அவர்கள் இருந்தது மொழி தெரியாத ஊரின் சிறைகளில். வக்கீலுக்கும் ஜாமீனுக்கும் மலையில் இருந்த குடும்பம் ஆட்டை விற்றது, நிலத்தை அடகு வைத்தது. விடுதலைத் தீர்ப்பில் வட்டிக்கு ஒரு வரியும் இருக்காது.

இது புதிய பிரச்சினையும் இல்லை. 1978இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் போட்ட மாஜிஸ்திரேட், பிணை நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார். கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். உள்ளூர் ஜாமீன்தாரர் வேண்டும் என்று வற்புறுத்துவதால்தான் விடுதலை தாமதமாகிறது, அதை விட்டுவிடலாம் என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. 45 வருஷம் ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், கீழ் நீதிமன்றத்தின் மேஜையில் வேறு ஏதோ ஓலை இருக்கிறது என்று அர்த்தம். 2023இல் மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கு என்று ஒரு திட்டம் அறிவித்தது. விசாரணைக் கைதியின் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரை, தண்டனைக் கைதியின் அபராதத்துக்கு 25,000 வரை அரசே கட்டும் என்றது அந்த அறிவிப்பு. நல்ல காரியம்தான், பத்துப் பேர் வெளியே வந்தாலும் நல்லது. ஆனால் அரசு ஒருவனை விலை போட்டு வைத்துவிட்டு, அந்த விலையை அரசே அரசுக்குக் கட்டி அவனை மீட்கிறது. விலை போடாமலே இருந்திருக்கலாமே என்ற கேள்வி திட்டத்துக்குள் எழுவதில்லை. உபயம் யார் என்ற போர்டு மட்டும் எழுகிறது.

5

இவ்வளவும் அரசைப் பற்றி. நம்மைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எழுதுகிறவர்களும் இயக்கக்காரர்களும் ஏழைக்காக நிற்கும்போது எதையும் வசூலிப்பதில்லை என்று நம்புகிறோம். உண்மை அறியும் குழுவாக மலைக்குப் போகிறோம். அந்தப் பெண்கள் ஒன்பதாவது முறையாக அதே கதையைச் சொல்கிறார்கள், நாம் எழுதிக்கொள்கிறோம். அறிக்கை வருகிறது, கவிதை வருகிறது, சிறப்பிதழ் வருகிறது. சில வருஷம் கழித்து அதே குடும்பம் வேறு கட்சிக்காரனோடு நின்றால், 'இவங்களுக்காக எவ்வளவு செஞ்சோம்' என்கிறோம். என் வாயிலிருந்தும் அது வந்திருக்கிறது. அந்த வாக்கியம் ஒரு ரசீதுதான். பாட்டாகக் கட்டு என்று கேட்ட திருவெண்ணெய்நல்லூர்க் கிழவரின் குரல் அதில் இருக்கிறது.

உரிமை என்பது நன்றி சொல்லாமல் வாங்கிக்கொள்ளக் கூடியது. வாங்கியவன் நல்லவனாக இருக்க வேண்டியதில்லை, நிரபராதியாக இருக்க வேண்டியதும் இல்லை. கிடியன் சில்லறைத் திருட்டுகளில் ஏற்கெனவே சிறை பார்த்தவர். ஹோஸ்கோட் மனு தோற்றுப்போன மனு. சுத்தமான ஏழைக்கு மட்டும் உரிமை என்று நாம் ஆரம்பித்தால், தண்டனை பெற்றவன் மட்டும் கட்டட்டும் என்கிற ஓரிகன் சட்டத்துக்கும் நமக்கும் தூரம் அதிகமில்லை.

கேட்க வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுவந்த முதல் நாளே, இது உனக்கு இலவசம், யாருக்கும் எதுவும் கொடுக்காதே என்று மாஜிஸ்திரேட் அவன் பேசுகிற மொழியில், அவன் வீட்டார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். ஜெராக்ஸுக்கும் பஸ்ஸுக்கும் கட்சிக்காரன் கையை எதிர்பார்க்காத அளவுக்குச் சட்ட உதவி வக்கீலுக்குச் சம்பளம் வேண்டும். உள்ளூர் ஜாமீன் கேட்கிற பழக்கம் ஒழிய வேண்டும். 33ஆம் ஆணையில் தோற்றவரிடம் வசூல் செய்கிற விதி போக வேண்டும். நம்மில் யாராவது மாதம் ஒரு நாள் கோர்ட் வராந்தாவில் போய் உட்கார்ந்து, யார் யாரிடம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். கவிதைக்காக வேண்டாம்.

சுந்தரருக்குக் கிழித்துப் போடவாவது ஒரு ஓலை இருந்தது. அந்தக் கிழவியின் ஆறாயிரத்துக்கு அதுவும் இல்லை. பேரன் கேஸ் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு வாய்தா முடிந்து வெளியே வந்தவர், டீக்கு நான் காசு கொடுத்ததைப் பார்த்துவிட்டு, இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து பத்து ரூபாயை எடுத்து என் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.